ஒன்பது விநாடி கரண்ட்

ஓடைக்கரைத் தெருவில் நாற்பத்தொரு வீடுகள் இருந்தன, நாற்பத்தொரு வீட்டிலும் மின்விசிறி இருந்தது, டியூப்லைட் இருந்தது, வாசலுக்கு ஒரு குண்டு பல்பு இருந்தது, சுவரில் வெள்ளைச் சுவிட்சுப் பெட்டி இருந்தது, கரண்ட் மட்டும் இல்லை. ஒரு தேர்தலுக்கு முந்தின மாதம் ஒரு வேட்பாளர் லாரியில் ஆள் அனுப்பி எல்லா வீட்டுக்கும் இலவசமாக வயரிங் செய்து கொடுத்தார், ஜெயித்ததும் கம்பம் வரும் என்றார், ஜெயித்தார், கம்பங்கள் மெயின் ரோட்டு முனைவரை வரிசையாக வந்து, இந்தத் தெரு ஓடைப் புறம்போக்கில் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட அங்கேயே நின்றுவிட்டன. அது நடந்து பதினான்கு வருஷம். ஜனங்கள் விசிறி இறக்கைகளில் துணி காயப்போட்டார்கள், சுவிட்சுப் பெட்டியின் இடுக்கில் ஊக்கும் சீப்பும் செருகி வைத்தார்கள், பிள்ளைகள் இருட்டில் சுவிட்சைப் போட்டும் அணைத்தும் விளையாடி அந்த டக்டக் சத்தத்திலேயே தூங்கிப்போனார்கள். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் சந்தனமாரி. ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு வல்லங்குளம் பைபாஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கார்களுக்கும் லாரிகளுக்கும் எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறேன். எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று ஊருக்குள் பேர். இருக்கட்டும், பழுது எங்கே என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்பதற்குக் கோபப்படுவது எவ்வளவோ மேல்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நயினார் என் கடைக்கு நடந்தே வந்தார். அந்தத் தெருவில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான், நாற்பது வயது தாண்டிய வெள்ளைக் கார், டாக்ஸியாக ஓட்டினார். பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் கல்யாணத்துக்கும் அதுதான் ஓடியது, திங்கட்கிழமைதோறும் அவர் மனைவி பேச்சித்தாயைக் கரண்ட் கேட்டு மனுக்கொடுக்கக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் இறக்கியதும் அதுதான்.

"எக்கா, வண்டி ஸ்டார்ட் ஆவுது. சாவிய விட்டதும் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுனா ஒம்பதுல ஆஃப் ஆயிருது. பேட்டரியக்கூட மாத்திப் பாத்துட்டேன்."

"பேட்டரிய ஒம்மள எவன் மாத்தச் சொன்னான்?" என்றேன். எதையும் சோதிக்காமல் முதலில் பேட்டரியை மாற்றுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அவர் தலையைச் சொறிந்தார். "இன்னொண்ணும் இருக்குக்கா. வண்டி ஓடுத அந்த ஒம்பது செகண்டும் தெருவுல எல்லா வீட்டுலயும் லைட்டு எரியுது. ஃபேனும் சுத்துது."

"அப்பம் எர்த்துல எங்கயோ லீக்கு" என்று சொல்லிவிட்டு டெஸ்ட் லேம்ப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுபோகிற பழைய வண்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. சாவியை முழுக்கத் திருப்பும்போது எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற காயிலுக்கு ஒரு வழியாகக் கரண்ட் போகும், சாவியை விட்டதும் வேறொரு வழியாகப் போகும், அந்த இரண்டாவது வழி அறுந்திருந்தால் எஞ்சின் பிடித்த வேகத்திலேயே விட்டுவிடும். சாவி சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன், சரியாக இருந்தது. காயிலுக்கு முன்னால் இருக்கும் ரெசிஸ்டரில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தேன், இந்தப் பக்கமும் எரிந்தது, அந்தப் பக்கமும் எரிந்தது. பாயின்ட்டைத் தேய்த்தேன், கண்டன்சரை மாற்றினேன், ஒயர் ஒவ்வொன்றையும் பிடுங்கிச் சுரண்டித் திரும்பச் செருகினேன். ஒவ்வொரு தடவையும் நயினார் சாவியைத் திருப்ப, எஞ்சின் பிடிக்க, தெரு முழுக்க விசிறிகள் சுழல, இறக்கையில் காய்ந்துகொண்டிருந்த சட்டையும் பாவாடையும் ஜன்னல் வழியாகப் பறந்து வெளியே விழ, நாற்பத்தொரு வீட்டிலிருந்தும் ஓவென்று ஒரே கூச்சல் எழும்பி, ஒன்பதில் எல்லாம் அடங்கியது.

கடைசியில் டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை வண்டியின் பாடியிலும் வைத்தேன். இரண்டும் எர்த்துதான், லேம்ப் எரியக் கூடாது, ஆனால் பளீரென்று எரிந்தது. பேட்டரியிலிருந்து கிளம்புகிற கரண்ட் வேலையை முடித்துவிட்டுப் பேட்டரிக்கே திரும்பி வரவேண்டும், என் தொழிலில் மொத்தப் படிப்பும் அவ்வளவுதான். இந்த வண்டியில் போனது திரும்பவில்லை. நாலு ரப்பர் டயர் வழியாகவும் மண்ணுக்குள் இறங்கி, பதினான்கு வருஷமாக வெறுமனே கிடந்த ஒயர்களைத் தேடிப்போய் வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தது. தடித்த செம்புப் பட்டை ஒன்றை எடுத்துப் பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவில் கையால் அழுத்திப் பிடித்தேன், நயினார் சாவியைத் திருப்பினார், எஞ்சின் பத்தைத் தாண்டியது, இருபதைத் தாண்டியது, நூறையும் தாண்டி ஒரே சீராக ஓடியது. ஒரு வீட்டிலும் விசிறி அசையவில்லை.

வாசல்களில் முகங்கள் வந்து நின்றன. தையல்காரர் அந்தோணிராஜ் பாதித் தைத்த ஜாக்கெட்டைக் கையில் பிடித்தபடி வந்தார். கரண்ட் வரும் வரும் என்று நம்பித் தையல் மிஷினுக்கு மோட்டார் வாங்கிப் பூட்டி, பதினான்கு வருஷமாக அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தவர் அவர்.

"எக்கா, அந்தப் பட்டையக் கொஞ்சம் எடுங்களேன். பாதித் தையல்ல நிக்கி."

நயினார் அவரைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், எஞ்சினை அணைத்தார். "எடுத்துருங்கக்கா. நான் வேற ஆள் வண்டிக்கு ஆக்டிங் டிரைவரா போய்க்கிடுதேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பட்டையைச் சுருட்டிப் பையில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஒரு மாதத்துக்குள் ஓடைக்கரைத் தெரு ஒன்பது விநாடிக்குள் தன் வாழ்க்கை முழுவதையும் மடித்து வைத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு இருபது முறை சாவி திருப்புவது என்று கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள், பேட்டரி இறங்கினால் முறைவைத்து என் கடைக்குத் தூக்கி வந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனார்கள், காலையில் முதல் மூன்று சாவி சட்னிக்கு, நாலாவது இஸ்திரிப் பெட்டிக்கு, பதினோராவது அந்தோணிராஜின் தையலுக்கு, சாயங்காலம் ஐந்து சாவி பிள்ளைகளின் பாடத்துக்கு. தேங்காய்ச் சட்னி கொரகொரவென்று இருந்தால் ரெண்டு சாவிச் சட்னி என்றார்கள், அடுத்த தெருவுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் முப்பது சாவி நடக்கணும் என்றார்கள், புதுப்பெண்ணை அழைத்துவந்தபோது மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவைத்து மூன்று சாவி கேட்டு வாங்கி அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டார்கள். ஆடி வெள்ளிக்கு யாரோ பானட்டில் மஞ்சள் பூசி வேப்பிலை செருகினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள், ஒன்றுமே இல்லாததற்கு இது பரவாயில்லையே என்றார்கள், தெருவும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லியது. பதினான்கு வருஷம் பொறுத்த ஜனங்கள் ஒரே மாதத்தில் திருப்தியாகிப்போனதை நினைத்தால் எனக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

பேச்சித்தாய் ஒருத்திதான் திருப்தியாகவில்லை. பீடி சுற்றுகிற பெண், அவள் சுவிட்சைப் போடவே இல்லை, அவள் வீட்டு விசிறியில் துணி காய்ந்தபடியே இருந்தது. மடியில் சுளகை வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களையெல்லாம் ஏசினாள்.

"ஒம்பது எண்ணுததுக்குள்ள வாயத் தொறந்து கொட்டாவி விடக்கூட நேரம் பத்தாது, அதுல பவுசா வாழுதீயளாக்கும்? இத வச்சே பொழைக்கப் படிச்சுட்டா அவன் எதுக்குக் கம்பம் நடுவான்? வெக்கமா இல்ல?"

"நீ மனுவக் குடு மைனி, யாரு வேண்டாம்னா" என்று அந்தோணிராஜ் சொல்லிவிட்டு அடுத்த சாவிக்கு ஊசியில் நூல் கோத்தார்.

அவளும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள், இப்போது பஸ்ஸில் போய். இந்தப் பதினான்கு வருஷத்தில் தாலுகா ஆபீஸில் தடையில்லை என்று எழுதி வாங்கியிருந்தாள், பொதுப்பணித் துறையில் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கியிருந்தாள், நகராட்சியில் தீர்மானம் போட வைத்திருந்தாள், ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு வருஷம் மூன்று வருஷம் பிடித்திருந்தது, இப்போது கடைசியில் எல்லாத் தாளும் சேர்ந்து மின்சார ஆபீசுக்குப் போய், இனி உதவிப் பொறியாளர் வந்து தெருவை ஒரு தடவை பார்த்து எழுதினால் போதும் என்ற நிலைக்கு வந்தது. அவர் ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தார். டிரைவர் வேலை காலியாக இருந்ததால் ஜீப்பை அவரே ஓட்டிவந்து, ஓடையில் தண்ணீர் கிடந்ததால் மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பேச்சித்தாய் அந்த நேரம் பீடிக்கட்டுகளை ஒப்படைக்கக் கம்பெனிக்குப் போயிருந்தாள்.

பதினான்கு வருஷத்தில் முதல் முறையாக வந்த அதிகாரி. தெருவே எழுந்து நின்றது. நயினார் வீட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கலர் வாங்கிவந்து கொடுத்தார்கள். ஓட்டு வீட்டுப் புழுக்கத்தில் அவருக்கு வேர்த்து ஊற்றியது, அவர் பேப்பரால் விசிறிக்கொண்டார். வீட்டுக்கு வந்த மனுஷரை வேர்க்க விடலாமா? அந்தோணிராஜ் நயினாரின் காதில், "அய்யாவுக்கு ஒரு சாவி போடும்வே, பாவம்" என்றார். தன் முறையை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னாள், என்னுடையதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்னொருத்தி சொன்னாள். யாரோ விசிறியில் கிடந்த துணிகளை அவசரமாக உருவினார்கள். நயினார் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினார், தலைக்கு மேல் விசிறி சுழன்றது, வாசல் பல்பு எரிந்தது, அதிகாரி அண்ணாந்து பார்த்துச் சட்டைப் பொத்தானைத் தளர்த்தி அப்பாடா என்றார். நின்றதும் மறுபடி ஒரு சாவி, பிறகு இன்னொன்று. மூன்று சாவிக் காற்று வாங்கிவிட்டு, எழுதவேண்டியதை எழுதிக்கொண்டு, எல்லாரும் கும்பிட்டு வழியனுப்ப அவர் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பேச்சித்தாய் கலெக்டர் ஆபீஸிலிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தேன். மேற்படி தெருவில் நேரில் ஆய்வு செய்ததில் மின்விளக்குகளும் மின்விசிறிகளும் இயங்கும் நிலையில் உள்ளது கண்டறியப்பட்டதால் மனு முடித்துவைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. நான் இரண்டு தடவை படித்தேன், என் காது சூடாகிவிட்டது.

"அந்தப் பட்டை இருக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டு இருக்கு."

"எடுத்துட்டு வாங்க."

நான் பானட்டைத் திறந்ததும் தெருவே வந்து சுற்றிக்கொண்டது. அந்தோணிராஜ் ஃபெண்டரில் கையை வைத்து மறித்தார். "இருக்கதயும் பிடுங்காத மைனி. புள்ளைய பரீச்சைக்குப் படிக்குதுவ."

பேச்சித்தாய் அந்தத் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "வாசியும். சத்தம் போட்டு வாசியும். என் கல்யாணத்துச் சேல கிழிஞ்சு போற வரைக்கும் அந்த ஆபீஸ் வராந்தாவுல ஒக்காந்திருக்கேன். ஒவ்வொருத்தன்கிட்டயும் கையெழுத்து வாங்கி வாங்கிக் கொண்டாந்து நிறுத்துனேன், நீங்க மூணு தடவ காத்து வீசி அத மூடிட்டீய. எவ்வளவு மரியாத பாருங்க ஒங்களுக்கு! அந்த மரியாதையில ஒரு துளி எனக்குக் காட்டுனீயளா?"

அந்தோணிராஜ் வாசித்தார், பாதிக்கு மேல் அவரால் வாசிக்க முடியவில்லை, கையை எடுத்துக்கொண்டார். நயினார் தலை குனிந்து நின்றார். நான் பட்டையின் ஒரு முனையைப் பேட்டரியிலும் மறுமுனையைப் பாடியிலும் வைத்து போல்ட் போட்டு முறுக்கினேன். கார் நிற்காமல் ஓடியது, நாற்பத்தொரு வீடும் செத்துக் கிடந்தது, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லாரும் சும்மா நின்றார்கள்.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு, ஓடை வற்றியிருந்ததால், உதவிப் பொறியாளர் ஜீப்பைத் தெருவுக்குள்ளேயே கொண்டுவந்து பேச்சித்தாய் வீட்டு வாசலில் நிறுத்தினார். கம்பமே இல்லாத தெருவில் விளக்கு எரிந்தால் திருட்டுக் கரண்டாகத்தான் இருக்கவேண்டும் என்று ஆபீஸில் யாரோ எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள், எல்லா வீட்டு ஒயர்களையும் ஒரு வாரத்துக்குள் பிடுங்க வேண்டும் என்று நோட்டீஸ் கொண்டுவந்திருந்தார்.

"சார், உள்ள வந்து சுவிட்சப் போட்டுப் பாருங்க. கரண்டு கெடயாது" என்றாள் பேச்சித்தாய்.

அவர் போட்டுப் பார்த்தார், எரியவில்லை. "இன்னிக்கு எரியலைங்கிறதுக்காக அன்னிக்கு எழுதினத மாத்த முடியாதும்மா. ரிப்போர்ட் மேல போயாச்சு" என்றார். நோட்டீஸை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து முடித்துவிட்டு ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

ஜீப் ஸ்டார்ட் ஆனது, நாற்பத்தொரு வீட்டிலும் விசிறி சுழன்றது, டியூப்லைட் மினுக்கி மினுக்கிப் பிடித்தது, ஒன்பதாவது விநாடியில் ஜீப் நின்றது, எல்லாம் அணைந்தது. அவர் மறுபடி திருப்பினார், மறுபடியும் அப்படியே. ஐந்தாவது தடவைக்குப் பிறகு கீழே இறங்கி என்னைப் பார்த்தார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

"நீங்க எலெக்ட்ரீஷியன்தானே? கொஞ்சம் பாருங்க. நாளைக்குக் காலையில அமைச்சர் வர்ற விழாவுக்கு இந்த வண்டி நிக்கணும். இல்லன்னா என் வேலை போயிரும்."

"எர்த் பட்ட வேணும் சார். கைவசம் இல்ல" என்றேன். இன்னொரு பட்டை என் பைக்குள்தான் இருந்தது, அதன் கனம் என் இடுப்பை அழுத்திக்கொண்டிருந்தது. பழுது விஷயத்தில் பொய் சொன்னது என் தொழிலில் அதுதான் முதல் தடவை, இப்போது கேட்டாலும் அதே பொய்யைச் சொல்லுவேன்.

அதற்குப் பிறகு ஓடைக்கரைத் தெரு ஜனங்கள் செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அய்யா பாவம் என்றார்கள், அவர் என்ன செய்வார், மேலே இருப்பவர்கள் சொல்வதைச் செய்கிறார் என்றார்கள், ஒயரைப் பிடுங்கச் சொல்லும் நோட்டீஸைச் சட்டைப் பையில் மடித்துச் செருகிக்கொண்டு அதே கையோடு இருபது முப்பது பேர் ஜீப்பின் பின்னால் போய் நின்றார்கள். மெயின் ரோடுவரை தள்ளிவிட்டால் அங்கே ஓடிவிடும் சார், கவலைப்படாதீர்கள் என்றார்கள். அவர் மறுபடி ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, ஏலேலோ என்று ஒரு குரல் எழும்ப, ஜீப் நகரத் தொடங்கியது.

பேச்சித்தாய் நடந்து போய் முன் சக்கரத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு முழம் தூரத்தில் ஜீப் நின்றது.

"ஏ பேச்சி, எந்திரி" என்றார் நயினார். அவர் கையும் ஜீப்பின் மேல் இருந்தது.

"நீரும் தள்ளுதீரா? தள்ளும். எல்லாருமாச் சேந்து தள்ளுங்க. என் மேல ஏத்திக் கொண்டுபோய் அவர ரோட்டுல விட்டுட்டு வாங்க."

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நயினார்தான் முதலில் கையை எடுத்தார், எடுத்துவிட்டு எங்களுக்கு அடுத்து வந்து அமர்ந்தார். பிறகு அந்தோணிராஜ் எடுத்தார், அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எடுத்தார், ஒவ்வொரு கையாக ஜீப்பை விட்டு இறங்கியது. ஏசுவதற்குக்கூட அவர்களில் யாருக்கும் வாய் பழகியிருக்கவில்லை, ஆனாலும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை, ஜீப்பைச் சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். சூரியன் ஓடைக்குப் பின்னால் இறங்கியது. அதிகாரி போனை எடுத்து யார் யாரையோ கூப்பிட்டார், எல்லாரும் விழா ஏற்பாட்டில் இருந்தார்கள், ஒருவரும் வரவில்லை.

இருட்டத் தொடங்கியதும் அவர் இறங்கிய குரலில், "இப்ப நான் என்னம்மா செய்யணும்?" என்றார்.

"மறு ஆய்வுன்னு எழுதுங்க. இந்தத் தெருவுல கரண்டு இல்லன்னு எழுதுங்க. கம்பம் நட ஆர்டர் போடுங்க. லெட்டர்பேடும் சீலும் ஒங்க வண்டியிலதான் இருக்கு, நோட்டீசுல குத்தும்போது பாத்தேன்."

அவர் லெட்டர்பேடை ஸ்டியரிங் மேல் வைத்து, செல்போன் டார்ச்சைத் தட்டினார்.

"அத அணைங்க சார்" என்றாள் பேச்சித்தாய். "எங்க தெருவுல கரண்டு இருக்குன்னு எழுதியிருக்கீயள்ல, அந்த வெளிச்சத்துலயே எழுதுங்க."

அவர் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார், டார்ச்சை அணைத்தார், இடது கையால் சாவியைத் திருப்பினார். பேச்சித்தாய் வீட்டு வாசல் பல்பு எரிந்து ஜீப்புக்குள் வெளிச்சம் விழுந்தது, அவர் வேகமாகப் பெறுநர் விலாசம் எழுதினார், இருட்டிவிட்டது. மறுபடி திருப்பினார், பொருள் எழுதினார், இருட்டிவிட்டது. ஒன்பது விநாடிக்கு ஒரு வரி, சில சமயம் அரை வரி, நடுவில் பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு இருட்டில் காத்திருந்தார், ஒவ்வொரு வரியும் முடிந்ததும் அதை வாசித்துக் காட்டச் சொன்னாள் பேச்சித்தாய், அவர் வாசித்தார், அதற்கு ஒரு சாவி போயிற்று. அவருக்கு வேர்த்து நெற்றியிலிருந்து தாளில் சொட்டியது. வீடுகளுக்குள் நாற்பத்தொரு விசிறியும் சுழன்று சுழன்று நின்றன, அவற்றின் கீழே ஒரு ஆளும் இல்லை. முப்பத்தேழாவது சாவியில் கையெழுத்துப் போட்டார், முப்பத்தெட்டாவதில் சீலைக் குத்தினார், பெருமூச்சு விட்டுத் தாளைக் கிழித்து நீட்டினார்.

பேச்சித்தாய் எழுந்து வந்து இருட்டில் அதை வாங்கினாள், கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய்ப் பார்த்தாள், திரும்ப அவர் மடியில் வைத்தாள்.

"தேதி போடல" என்றாள்.

அவர் சாவியைத் திருப்பினார்.